உள்ளும் வெளியும் சேரும் வீடு: வெப்ப நிலத்தில் ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

கணவன், மனைவி, பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகள், எழுபதைத் தாண்டிய தாய் என ஐந்து பேர் கொண்ட குடும்பம் அது. அடுக்குமாடிக் கட்டடத்தின் மேல்தளத்தில் வாடகைக்கு இருந்தவர்கள், சொந்த மனையில் வீடு கட்ட முடிவு செய்தார்கள். வடிவமைப்புப் பொறுப்பு எங்கள் சிறு குழுவிடம் வந்தது. அவர்கள் கேட்டவை இரண்டு. வீட்டுக்குள் இருந்தாலும் தோட்டத்தில் இருப்பதுபோல் இருக்க வேண்டும். ஆண்டின் பெரும்பகுதியை ஏசி இல்லாமல் ஓட்ட வேண்டும்.

இரண்டும் ஒன்றுக்கொன்று துணை என்று முதலில் தோன்றும். வெப்ப நிலத்தில் இவை பெரும்பாலும் மோதிக்கொள்ளும். திறப்பைப் பெரிதாக்கினால் காட்சியோடு வெயிலும் அனலும் உள்ளே வரும். அடைத்து வைத்தால் வீடு குளிரும், ஆனால் தோட்டம் கண்ணுக்குக்கூடத் தெரியாது. அந்த வீட்டில் இந்த மோதலைத் தீர்க்க என்ன செய்தோம், குடியேறிய பிறகு என்ன நடந்தது என்பதை வரிசையாக எழுதுகிறேன். இதேபோன்ற நிலத்தில் கட்ட நினைப்பவர்களுக்குப் பயன்படும் என்று நம்புகிறேன்.

மனை 15 மீட்டர் அகலம், 27 மீட்டர் நீளம். நீளவாக்கு கிழக்கு மேற்காக ஓடுகிறது. சாலை மேற்கில். வடகிழக்கு மூலையில் வளர்ந்த வேம்பு ஒன்று நின்றது. தெற்கே பக்கத்து மனை அப்போது காலியாக இருந்தது. இடம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறக்குறைய 11 பாகையில் இருக்கிறது. ஆண்டில் சில மாதங்கள் வறண்ட கடும் வெயில், சில மாதங்கள் மழையும் புழுக்கமும், நடுவே இதமான சில வாரங்கள்.

கட்டுவதற்கு முன் கவனித்தவை

முதலில் அவர்கள் குடியிருந்த வீட்டைத்தான் பார்த்தோம். புது வீட்டை வரைவதற்கு முன் பழைய வீட்டில் எது வருத்துகிறது என்று தெரிந்துகொள்வது அவசியம். அங்கே மொட்டை மாடியின் காங்கிரீட் தளம் பகல் முழுக்க வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு, இரவில் படுக்கையறைக்குள் இறக்கியது. கூரையின் அடிப்பக்கம் நண்பகலில் இருந்ததைவிட இரவு 9 மணிக்குச் சூடாக இருந்தது. மின்விசிறி அந்தச் சூட்டைத்தான் கீழே தள்ளியது. குடும்பத்தார் “காற்றே இல்லை” என்று சொன்னாலும், உண்மையான தொல்லை தலைக்கு மேலே இருந்த தளம்.

இரண்டாவதாக, யார் எந்த நேரத்தில் எங்கே இருக்கிறார்கள் என்று குறித்துக்கொண்டோம். கணவனும் மனைவியும் காலையில் கிளம்பினால் மாலை ஆறு மணிக்கு மேல்தான் திரும்புவார்கள். பிள்ளைகள் நான்கு மணி வாக்கில் வருவார்கள். பகல் முழுக்க வீட்டில் இருப்பவர் தாய் ஒருவர்தான். அவர் காலையில் ஒரு பக்கம், மதியம் வேறு பக்கம், மாலையில் மூன்றாவது பக்கம் என்று நாற்காலியை நகர்த்திக்கொண்டே இருந்தார். காரணம் கேட்டபோது, “வெயில் வந்தா நான் நகர்ந்துக்குவேன் தம்பி, வீடு நகராதே” என்றார். பிறகு நாங்கள் எடுத்த முடிவுகளில் பாதிக்கு இந்தப் பழக்கமே அடித்தளமாக அமைந்தது.

மனையில் ஒரு கம்பத்தில் துணிநாடா கட்டி வெவ்வேறு நேரங்களில் காற்றைப் பார்த்தோம். கோடையில் தென்மேற்கிலிருந்து வந்தது, மழைக்காலத்தில் வடகிழக்கிலிருந்து சாரலோடு வந்தது. வேம்பின் நிழலில் மண்தரை கை வைத்தால் இதமாக இருந்தது. சாலையோரத்தில் சிமெண்ட் பூசிய இடத்தில் கை வைக்க முடியவில்லை.

மேற்குக் கண்ணாடிச் சுவர்

குடும்பத்தார் ஒரு படம் கொண்டுவந்தார்கள். கூடத்தின் ஒரு பக்கம் முழுக்கத் தள்ளும் கண்ணாடிக் கதவு, அதற்கு அப்பால் புல்தரை. சாலைப் பக்கமாக, அதாவது மேற்கில், தோட்டம் வைத்து அதைப் பார்த்தபடி கூடம் வேண்டும் என்றார்கள். மாலையில் வீடு திரும்பி அங்கே உட்காரலாம் என்பது எண்ணம்.

வேண்டாம் என்று வாயால் சொல்லாமல் வெயிலின் கோணத்தைக் கணக்குப் போட்டுக் காட்டினோம். மார்ச் மாதத்தில் இரவும் பகலும் சமமாகும் நாளில், சூரிய நேரப்படி மாலை 4 மணிக்கு அந்த இடத்தில் சூரியன் அடிவானத்துக்கு மேல் சுமார் 29 பாகை உயரத்தில் இருக்கும். மேற்குச் சுவரில் வழக்கம்போல் 60 சென்டிமீட்டர் சன்ஷேடு வைத்தால் அதன் நிழல் 34 சென்டிமீட்டர்தான் இறங்கும். 2.1 மீட்டர் உயரக் கதவு முழுவதையும் மறைக்க 3.7 மீட்டர் நீண்ட கூரை தேவை. 5 மணிக்குச் சூரியன் 15 பாகைக்கும் கீழே இறங்கிவிடுவதால் அதே கதவுக்கு 8 மீட்டர் கூரை வேண்டும். மேற்கு வெயிலைக் கூரை நீட்டித் தடுக்க முடியாது. குடும்பம் வந்து உட்கார நினைத்த அதே நேரத்தில் கூடம் எரியும்.

இன்னொன்றையும் சொன்னோம். இரண்டு பலகை உள்ள தள்ளு கதவைக் கடைசிவரை தள்ளினாலும் பாதிதான் திறக்கும். ஆறு மீட்டர் கண்ணாடி போட்டால் மூன்று மீட்டர்தான் காற்றுக்கு. உள்ளும் வெளியும் சேர்ந்த உணர்வு படத்தில் இருக்கும், உடம்புக்குக் கிடைக்காது.

மாற்றாகத் தோட்டத்தைக் கிழக்கே கொண்டுபோகலாம் என்றோம். மதியம் தாண்டியதும் வீட்டின் நிழலே கிழக்குப் பக்கம் விழத் தொடங்கும். மாலை வளர வளர நிழலும் நீளும். வேம்பும் அந்தப் பக்கம்தான். காலையில் எதிர்மாறாக மேற்குப் பக்கம் நிழலில் இருக்கும், எனவே சாலையைப் பார்த்து ஒரு சிறிய திண்ணை போதும். தாய் நாற்காலியை நகர்த்தியதைப் போலவே, காலைக்கு ஒரு வெளியிடம், மாலைக்கு ஒரு வெளியிடம்.

கணவருக்கு இதில் மனமில்லை. முகப்பு மூடிக்கிடக்கும், வருகிறவர்களுக்குத் தோட்டமே தெரியாது என்றார். நியாயமான வருத்தம்தான். மனைவிதான், வருகிறவர்கள் பார்ப்பதைவிட நாம் உட்காருவது முக்கியம் என்று பேச்சை முடித்துவைத்தார். மேற்கில் படிக்கட்டு, சாமான் அறை, குளியலறை ஆகியவற்றை வரிசையாக வைத்தோம். யாரும் நெடுநேரம் தங்காத அந்த அறைகள் மாலை வெயிலைத் தாங்கிக்கொள்ளும். படிக்கட்டின் வெளிச்சுவரை மட்டும் ஜாலியாக, அதாவது காற்று புகும் துளைகள் கொண்ட சுவராக விட்டோம். தெற்கில் இருக்கும் காலி மனை என்றைக்கும் காலியாகவே இருக்காது என்பதால், காற்றுக்கு இரண்டாவது வழி ஒன்று வேண்டும் என்று நினைத்தோம்.

கனமான கீழ்த்தளம், இலேசான மேல்தளம்

அதிக நேரம் விவாதித்தது இதைப் பற்றித்தான். செங்கல்லும் காங்கிரீட்டும் சூட்டைத் தாமதப்படுத்தும். 23 சென்டிமீட்டர் செங்கல் சுவரின் வெளிப்பக்கம் வாங்கும் வெப்பம் உள்ளே வந்து சேர ஏறக்குறைய 6 முதல் 8 மணி நேரம் ஆகும். பகலில் இது வரம். ஆனால் மதியம் 2 மணி வெயில் இரவு 9 மணிக்குப் படுக்கையறைக்குள் வந்து நிற்கும்போது அதே தாமதம் சாபமாகிவிடும்.

அதனால் வீட்டை இரண்டாகப் பிரித்தோம். பகலில் புழங்கும் கூடமும் சமையலறையும் கீழே, கனமான சுவர்களோடு. அவற்றின் தளத்துக்கு மேலே மாடி இருப்பதால் வெயில் நேரடியாகப் படாது. தம்பதியும் பிள்ளைகளும் தூங்கும் அறைகள் மேலே. அங்கே காங்கிரீட் கூரை போடவில்லை. சரிவான ஓட்டுக் கூரை, அதன் கீழே காற்று ஓடும் இடைவெளி, அதற்கும் கீழே வெப்பம் கடத்தாத பலகை வேய்ந்த உட்கூரை. இந்தக் கூரை பகலில் சீக்கிரம் சூடாகும். அந்நேரம் அங்கே யாரும் இல்லை. சூரியன் மறைந்ததும் அதே வேகத்தில் ஆறிவிடும்.

தாய்க்கு முழங்கால் வலி. அவரது அறை கீழே வடகிழக்கு மூலையில், வேம்பை ஒட்டி, தாழ்வாரத்தை நோக்கித் திறக்கும்படி அமைந்தது.

கனமான சுவர் வேலை செய்ய ஒரு நிபந்தனை உண்டு. இரவில் வெளிக்காற்று நன்றாகக் குளிர வேண்டும், அந்தக் காற்று உள்ளே புகுந்து சுவரிலும் தளத்திலும் தங்கிய சூட்டைக் கழுவிச் செல்ல வேண்டும். பகலுக்கும் இரவுக்கும் 10 பாகை செல்சியஸ் அளவுக்கு வேறுபாடு இருக்கும் வறண்ட மாதங்களில் இது நன்றாக நடக்கும். மழை மாதங்களில் அந்த வேறுபாடு சுருங்கிவிடும், காற்றிலும் ஈரம். அப்போது சுவரை நம்பிப் பயனில்லை. தோலின் மேல் காற்று ஓடினால்தான் வியர்வை உலரும். ஆக ஒரே வீடு ஒரு பருவத்தில் பகலில் மூடியும் இரவில் திறந்தும், இன்னொரு பருவத்தில் எந்நேரமும் திறந்தும் இயங்க வேண்டும். இதற்காக ஒவ்வொரு அறையிலும் பெரிய ஜன்னல்களைத் தவிர, தரையை ஒட்டியும் கூரையை ஒட்டியும் கம்பி போட்ட சிறிய லூவர் திறப்புகள் (சாய்த்துத் திறந்து மூடும் பட்டைகள் கொண்டவை) வைத்தோம். இரவில் திருட்டுப் பயமில்லாமல் இவற்றைத் திறந்து வைக்கலாம்.

எந்தச் சூடு வரை பொறுக்கலாம் என்ற கேள்வியும் எழுந்தது. இயற்கைக் காற்றோட்டத்தில் வாழ்பவர்களுக்கென்று, அமெரிக்கக் குளிரூட்டல் பொறியாளர் சங்கமான ஆஷ்ரேயின் 55ஆம் எண் தரநிலை ஒரு வாய்பாடு தருகிறது. அண்மை நாட்களின் சராசரி வெளி வெப்பநிலையை 0.31 ஆல் பெருக்கி 17.8 கூட்டினால் இதமான உள்வெப்பநிலை கிடைக்கும். வெளியே சராசரி 30 பாகை என்றால் உள்ளே 27 சொச்சம் இதமானது, அதற்கு மேல் மூன்றரைப் பாகை வரை பெரும்பாலோர் ஏற்றுக்கொள்வார்கள். விசிறிக் காற்று இருந்தால் இன்னும் ஒன்றிரண்டு பாகை கூடுதலாகத் தாங்கலாம். குடும்பத்தாரிடம் வாக்குறுதியாகச் சொன்னது இதைத்தான். குளிர்ந்த வீடு தருவதாக நாங்கள் சொல்லவில்லை, விசிறியோடு இருக்கக்கூடிய வீடு என்றோம்.

தாழ்வாரம்

கூடத்துக்கும் தோட்டத்துக்கும் நடுவில் ஒரு தாழ்வாரம். இந்த வீட்டின் உயிர் இதில்தான் என்பது என் கருத்து. ஒன்றரை மீட்டர் ஆழத்தில் தாழ்வாரம் கட்டினால் அது நடைபாதையாகத்தான் இருக்கும், நாற்காலி போட்டால் வழி மறையும். 2.7 மீட்டர் எடுத்தோம். கட்டில் போடலாம், நான்கு பேர் வட்டமாக உட்காரலாம். கூரையின் வெளிவிளிம்பை 2.1 மீட்டர் உயரத்துக்குத் தாழ்த்தினோம். காலை வெயிலும் சாரலும் குறையும், உள்ளிருந்து பார்ப்பவர் கண்ணில் வானத்தின் கூச்சம் படாமல் தோட்டத்தின் பசுமை மட்டும் விழும்.

கொசுவலையை எங்கே போடுவது என்பதில் நீண்ட பேச்சு நடந்தது. ஜன்னலில் வலை அடித்தால் காற்று பெருமளவு குறைந்துவிடும். அதே வலையைத் தாழ்வாரத்தின் வெளிப்பக்கம் முழுக்க அடித்தால் பரப்பு பல மடங்கு பெரிது. காற்று மெதுவாக வலையைக் கடந்து, உள்ளே திறந்திருக்கும் கதவு வழியாகத் தடையில்லாமல் போகும். இழப்பு குறைவு. அதோடு தாழ்வாரமே கொசு இல்லாத அறையாகிவிடும். வெளியில் உட்கார முடியாததற்குப் பல வீடுகளில் வெயிலைவிடக் கொசுதான் காரணம். மாலையில் தோட்டத்தோடு சேர்ந்து வாழ வேண்டுமென்றால் வலைக்கு இடம் ஒதுக்கியே ஆகவேண்டும்.

கூடத்திலிருந்து தாழ்வாரத்துக்கு நான்கு பலகை மடிப்புக் கதவு. மடித்து ஒதுக்கினால் ஏறக்குறைய முழு அகலமும் திறக்கும். தரையில் படி வைக்கவில்லை, தாயின் கால் தடுக்கக் கூடாது. தாழ்வாரத் தரையை 20 மில்லிமீட்டர் மட்டும் தாழ்த்தி, சன்னமாகச் சரித்து, வெளிவிளிம்பில் சல்லடை மூடிய வடிகால் ஓட்டினோம். அதைத் தாண்டி முதல் சில மீட்டருக்கு மண்ணும் படர்செடியும்தான். அங்கே சிமெண்ட் தரை போட்டால் அதில் பட்ட வெயில் அனலாகத் திரும்பித் தாழ்வாரத்துக்குள் வரும்.

முற்றம்

மேற்கு அறைகளுக்கும் கூடத்துக்கும் நடுவே 3 மீட்டருக்கு 4 மீட்டரில் ஒரு முற்றம். சூடான காற்று மேலே எழுந்து முற்றம் வழியே வெளியேறி வீட்டைக் குளிர்விக்கும் என்று பரவலாக நம்பப்படுகிறது. கணக்குப் போட்டால் அந்த விசை மிகச் சிறியது. 3 மீட்டர் உயர வேறுபாடும் 3 பாகை வெப்ப வேறுபாடும் தரும் அழுத்தம், நொடிக்கு 2 மீட்டர் வேகத்தில் வரும் மெல்லிய காற்றின் அழுத்தத்தில் ஏழில் ஒரு பங்குதான். எனவே முற்றத்தைக் காற்றுக்கு வெளிவாசலாகவும் கூடத்தின் நடுவுக்கு வெளிச்சமாகவும் மட்டும் எண்ணி வடிவமைத்தோம்.

அந்த அட்சரேகையில் ஏப்ரல் மூன்றாம் வாரத்திலும் ஆகஸ்ட் நான்காம் வாரத்திலும் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். முற்றத்துத் தரை அப்போது முழுக்க வெயிலில் காயும். அதற்காகக் கயிற்றில் இழுத்து மூடும் துணிப் பந்தல் ஒன்றைச் சேர்த்தோம். முற்றத்தில் சிறிய நீர்த்தொட்டி வேண்டும் என்று கேட்டார்கள். வறண்ட மாதங்களில் அது கொஞ்சம் உதவும், புழுக்க மாதங்களில் ஈரத்தைத்தான் கூட்டும், கொசுவும் வளரும். பேசிய பிறகு விட்டுவிட்டார்கள்.

குடியேறிய முதல் கோடை

கட்டுமானம் பற்றி அதிகம் சொல்ல இல்லை. ஓட்டுக் கூரையின் கீழ் இடைவெளியில் பறவையும் அணிலும் நுழையாமல் இரு முனையிலும் வலை அடித்தது தவிர, எல்லாம் வழக்கமான வேலை.

முதல் கோடையில் வீடு சூடாக இருக்கிறது என்று தகவல் வந்தது. போய்ப் பார்த்தபோது காலை 11 மணிக்கு எல்லா ஜன்னலும் திறந்திருந்தன. காற்று வரட்டும் என்று திறந்திருக்கிறார்கள். வெளியே 37 பாகையில் அடிக்கும் காற்று உள்ளே வந்து, இரவெல்லாம் ஆறிய சுவரை மதியத்துக்குள் சூடாக்கிவிட்டது. இரவில் பழைய பழக்கப்படி எல்லாவற்றையும் சாத்திக்கொண்டு தூங்கினார்கள்.

தாயிடம் விளக்கினோம். காலை 8 மணிக்குள் கீழ்த்தள ஜன்னல்களை மூடுங்கள், முற்றத்துப் பந்தலை இழுங்கள், மாலையில் வெளிக்காற்று உள்ளே இருப்பதைவிடக் குளிர்ந்ததும் எல்லாவற்றையும் திறங்கள், இரவில் லூவர்கள் திறந்தே இருக்கட்டும் என்றோம். கூடத்தில் ஒன்று, தாழ்வாரத்தில் ஒன்று என இரண்டு சாதாரண வெப்பமானிகளை மாட்டினோம். வெளியே இருப்பது எப்போது உள்ளே இருப்பதைவிடக் குறைகிறதோ அப்போது திறக்க வேண்டும், அவ்வளவுதான். சில நாட்களிலேயே அவர் வெப்பமானியைப் பார்ப்பதை விட்டுவிட்டார். கை வைத்தே சொல்லிவிடுவார். அதன்பின் கடும் வெயில் நாட்களிலும் மதியக் கூடம் வெளியைவிட நாலைந்து பாகை குறைவாக இருந்தது.

எதிர்பார்த்ததைவிட அதிகம் புழங்கியது வலைத் தாழ்வாரம். பிள்ளைகள் வீட்டுப்பாடம் அங்கேதான் செய்தார்கள். வெயில் உச்சத்தில் இருந்த வாரங்களில் தம்பதி மாடி அறைக்குப் போகாமல் அங்கேயே படுத்தார்கள். மாடி அறை ஒன்றில் ஏசி பொருத்தியிருந்தார்கள், அதைப் போட்டது அந்தச் சில வாரங்களில்தான்.

மழையும் அடுத்த ஆண்டுகளும்

வடகிழக்குக் காற்றோடு வந்த மழை தாழ்வாரத்தின் முன்பாதியை நனைத்தது. தாழ்ந்த கூரைவிளிம்பு சாதாரண மழைக்குப் போதும், புயல் காற்றுக்குப் போதாது. வடிகால் இருந்ததால் தண்ணீர் கூடத்துக்குள் வரவில்லை. முழங்கால் உயரத்துக்கு மேல் சுருட்டி இறக்கும் கித்தான் திரையைப் பிறகு பொருத்தினார்கள். மடிப்புக் கதவின் மரப்பலகைகள் ஈரத்தில் உப்பி இறுகிக்கொண்டன. அடிப்பகுதியைச் சீவி, விளிம்புகளுக்கு எண்ணெய் பூசியதும் சரியானது. ஓட்டுக் கூரையில் மழைச் சத்தம் மாடி அறைகளில் கேட்கிறது. இளைய பிள்ளை அதை விரும்புகிறது, கணவருக்குத் தூக்கம் கெடுகிறது.

மேகமூட்டமான நாட்களில் கூடத்தின் கிழக்குப் பாதி இருட்டாக இருந்தது. ஆழமான தாழ்வாரத்தின் விலை அது. தாழ்வாரத்து உட்கூரையை வெள்ளையடித்த பிறகு ஓரளவு சீரானது.

மூன்றாம் ஆண்டில் தெற்கு மனையில் இரண்டு மாடிக் கட்டடம் எழுந்தது. தெற்கு ஜன்னல்களுக்கு வந்த காற்று பெரும்பாலும் நின்றது. படிக்கட்டு ஜாலி அப்போது கைகொடுத்தது. மாலையில் மேற்கிலிருந்து வரும் காற்று ஜாலி வழியே முற்றத்துக்கு வந்து, கூடத்தைக் கடந்து தாழ்வாரம் வழியாக வெளியேறுகிறது. முன்புபோல் வேகம் இல்லை, கூடத்தில் விசிறி ஓடும் நேரம் கூடியிருக்கிறது. அந்தக் கட்டடத்தின் நிழல் தெற்குச் சுவரில் விழுவதால் டிசம்பர், ஜனவரி மாதங்களில் அந்தச் சுவர் சூடாவதில்லை. அது எதிர்பாராத நன்மை.

மாற்றுவதென்றால்

இதே மனையில் மீண்டும் கட்டினால் தாழ்வாரத்தையும் மேற்கு அறை வரிசையையும் அப்படியே வைப்பேன். படிக்கட்டு ஜாலியை இரண்டு மடங்காக்குவேன். அதில் மூடக்கூடிய பலகையும் சேர்ப்பேன், ஏனென்றால் வறண்ட மாதங்களில் மதிய அனலும் அதே வழியாகத்தான் முற்றத்துக்கு வருகிறது.

கூடத்துக்கு மேலே வெளிச்சம் வர, தாழ்வாரக் கூரைக்கும் மாடிச் சுவருக்கும் நடுவே ஒரு வரிசை உயர ஜன்னல் தேவை. மேலே இருக்கும் லூவர்களைத் திறக்கத் தாய்க்குக் கை எட்டவில்லை, பேரப்பிள்ளைகள் வரும்வரை காத்திருக்கிறார். இடுப்பு உயரத்திலிருந்து இழுக்கும் கயிறும் கப்பியும் தொடக்கத்திலேயே வரைபடத்தில் இருக்க வேண்டும். பகலில் வீட்டில் இருப்பவர் யாரோ, அவர் கைக்கு எட்டும் உயரத்தில்தான் திறப்புகளின் பிடிகள் எல்லாம் அமைய வேண்டும்.

வீட்டை இயக்கும் முறையைச் சாவி கொடுக்கும் நாளிலேயே பருவவாரியாக ஒரு தாளில் எழுதிக் கொடுப்பது இப்போது எங்கள் வழக்கமாகிவிட்டது. எந்த ஜன்னல், எந்த மாதம், எந்த நேரம் என்று வீட்டு வரைபடத்தின் மேலேயே குறித்துக் கொடுக்கிறோம். இந்தக் குடும்பத்துக்கும் பிறகு அப்படி ஒன்று தந்தோம். கயிறும் கப்பியும் பொருத்தும் வேலை அடுத்த கோடைக்கு முன் முடியும்.